நாம் விடுவது கரடியல்ல!

இல்லாததை இருப்பதுபோல் ஒருவன் அளந்தால், "கரடி விடாதே" என்பார்கள். நாம் இன்று பேசப்போவது அந்தக் கரடியைப் பற்றியல்ல. கல்வராயன் காட்டிலே, கரும்போர்வை போர்த்தாற்போல, மெய்யாகவே உலவுகிறதே, அந்தக் கரடியைப் பற்றி!

சின்னசேலம் புகைவண்டி நிலையத்திலே நின்று வடமேற்கே பாருங்கள். தொலைவிலே நீலக்கோடாகத் தெரியும் மலை. அதன் அடிவாரத்திலே மக்காச்சோளம் விளைகிறது, மரவள்ளி விளைகிறது, கரும்பு விளைகிறது. விளைவிப்பவனோ விடியுமுன் வீட்டைவிட்டுக் கிளம்புகிறான். இரவெல்லாம் கரையான் புற்றைத் தேடி அலைந்த கரடியும் அந்நேரத்தில்தான் புதருக்குத் திரும்புகிறது. அவனும் வயிற்றுக்காக அலைகிறான். அதுவும் வயிற்றுக்காக அலைகிறது. ஒற்றையடிப் பாதையிலே இருவரும் திடீரென எதிர்ப்பட்டால்? அங்கேதான் விபரீதம்!

கரடி மனிதனைத் தின்ன வருவதில்லை, தோழர்களே! அதன் உணவு கரையான், எறும்பு, தேன், நாவல், இலந்தை. மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டு அதற்கு இல்லை. அந்த இடைவெளி வழியே கரையானை உறிஞ்சி இழுக்கிறது. மோப்பம் கூர்மை, பார்வை மந்தம். புலியோடு ஒரே காட்டில் வாழ்ந்து பழகிய விலங்கு. ஓடி ஒளிவதைவிட எதிர்த்து நிற்பதே அதன் இயல்பு. முதுகிலே குட்டியைச் சுமக்கும் தாய் என்றால் கேட்கவே வேண்டாம். நம்மைக் கண்டு அது அஞ்சுகிறது, அஞ்சியதால் பாய்கிறது, பாய்ந்தால் முகத்தையும் தலையையும் குதறுகிறது.

2022 நவம்பரிலே, தென்காசி மாவட்டம் கடையம் அருகே நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். சாலையிலே போன வியாபாரியைக் கரடி கடித்துக் குதறியது. காப்பாற்றப் போனவர்களையும் விடவில்லை, மூவர் படுகாயம்! மயக்க ஊசி போட்டுப் பிடித்துக் காட்டிலே விட்டார்கள்; கரடியும் செத்துப்போயிற்று. மனிதனும் தோற்றான், விலங்கும் தோற்றது. வென்றவர் யார்?

'சிவபூஜையிலே கரடி' என்பது பழமொழி. கோத்தகிரிப் பக்கத்திலே அது பழமொழியாக இல்லை, பலமுறை வந்த செய்தி! கோயிலுக்குள் புகுந்து விளக்கெண்ணெயைக் குடித்துப் போகிறது கரடி. பக்தியா அதற்கு? பசி, ஐயா, பசி! எண்ணெய் வாடையும், வீசியெறிந்த எச்சில் குப்பையும் விருந்துக்கு அழைக்கின்றன, அது வருகிறது. அழைத்தவர் நாம், அடி வாங்குவது அது!

இன்னொரு கொடுமை, கரடிமுடித் தாயத்து! குழந்தை பயப்படாதிருக்க அதன் இடுப்பிலே கட்டுகிறார்களாம். தன் உயிரையே காத்துக்கொள்ள முடியாத கரடியின் மயிர், நம் பிள்ளையைக் காக்குமா? 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்திலே முதல் அட்டவணையில் உள்ள விலங்கு அது. தாயத்து அச்சத்தைப் போக்காது. சிறைக்கு வேண்டுமானால் வழிகாட்டும்.

காட்டுப்பன்றியின் தொல்லையையும் அறிவோம். ஓரிரவில் ஒரு காட்டையே உழுதுபோட்டுவிடும் அது. வயிறு எரிகிறது உழவனுக்கு. அதற்காக வேலியிலே மின்சாரம் பாய்ச்சலாமா? 2023 மார்ச்சிலே தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படியொரு வேலியிலே மூன்று யானைகள் மாண்டன. குட்டிகள் இரண்டு அநாதையாயின. இருட்டிலே அந்தக் கம்பிக்குப் பன்றி எது, பக்கத்து நிலத்துக்காரன் எவன் என்று தெரியுமா? 2025 சனவரியில் தமிழக அரசு வகுத்த வழி உண்டு. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும். அதற்கு அப்பால் சுடலாம், வனத்துறையினர் மட்டுமே. மனு எழுதத் தெரியாத உழவனுக்கு எழுதிக் கொடுப்பது யார்? நம் கிளைத் தோழர்தான்!

1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் கிடந்தது கல்வராயன். அந்த மலையாளிப் பழங்குடி மக்கள் தேனெடுத்தார்கள், கடுக்காய் பொறுக்கினார்கள், கரடியோடும் காலம் தள்ளினார்கள். எப்படி? கூட்டாகப் போனார்கள், பேசிக்கொண்டே போனார்கள். ஓசை கேட்டால் கரடி ஒதுங்கிவிடும். இருட்டிலே தனியே போகாதீர்கள். கையிலே விளக்கும் கோலும் இருக்கட்டும். குட்டியைக் கண்டால் நெருங்காதீர்கள். எதிர்ப்பட்டால் முதுகுகாட்டி ஓடாதீர்கள். அது உங்களைவிட வேகம். மரமேறாதீர்கள், அதுவும் ஏறும். மெல்லப் பின்வாங்குங்கள். பாய்ந்தேவிட்டால் குப்புறப் படுத்துப் பிடரியைக் கைகளால் பொத்திக்கொள்ளுங்கள்.

அறிவுரை சொல்வது எளிது. விடியற்காலையிலே பெண்கள் புதரோரம் ஒதுங்குவது விருப்பத்தாலா? வீட்டிலே கழிப்பறையில்லாத கொடுமையால்! சுள்ளி பொறுக்கத் தனியே போவது துணிச்சலாலா? அடுப்பெரிய வேண்டுமே! விலங்கால் உயிரிழந்தோர் குடும்பத்துக்கான உதவித்தொகையை 2023 டிசம்பரில் 5 லட்சத்திலிருந்து 10 லட்சமாக உயர்த்தியது மத்திய அரசு. நல்லதுதான். ஆனால் பணம் வரும், போனவன் வருவானா? பிணத்துக்குப் பத்து லட்சம் தருவதற்கு முன், உயிரோடிருப்பவனுக்கு ஒரு கழிப்பறை, தெருவுக்கு ஒரு விளக்கு, குப்பைக்கு ஒரு தொட்டி! கிராமசபையிலே எழுந்து நின்று இதைக் கேளுங்கள், தோழர்களே!

காடு கரடிக்கு வீடு. ஊர் உழைப்பவனுக்கு வீடு. இரண்டு வீட்டிலும் விளக்கணையாதிருக்க வழி உண்டு. அதைச் செய்விப்பது நம் கடமை!