இரத்தத்தின் காவற்காரன்

சர்க்கரை வியாதியுள்ள இருவர் ஒரே தெருவில் வசிக்கிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். வயதும் ஒன்று, இரத்தத்திலுள்ள சர்க்கரையின் அளவும் ஒன்று. ஒருவர் 80 பிராயத்திலும் பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய் வருகிறார். மற்றவரோ 52 வயதில் மாரடைப்பினால் மாண்டு போகிறார். "எல்லாம் தலையெழுத்து!" என்று சொல்லிவிட்டு நாம் வேறு காரியத்தைப் பார்க்கப் போய்விடுகிறோம். அந்தத் தலையெழுத்தில் ஓர் எழுத்தையேனும் படிக்க இயலுமா என்று முயன்றவர்களின் வரலாற்றை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

வரலாறு சலவைக் கஞ்சியில் ஆரம்பமாகிறது. கனடா தேசத்து டொராண்டோ நகரில் ஆலிவர் ஸ்மித்தீஸ் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி, இரத்தத்திலுள்ள புரதங்களைத் தனித்தனியே பிரிக்க வழி தேடிக் கொண்டிருந்தார். தகப்பனாரின் சட்டைகளுக்காகத் தாயார் காய்ச்சிய கஞ்சி, ஆறியதும் உறைந்து கட்டியானது அவருக்கு ஞாபகம் வந்தது. உருளைக்கிழங்கு மாவை அவ்வாறே காய்ச்சி உறைய வைத்து, அதன் வழியே மின்சாரத்தைச் செலுத்தினார். புரதங்கள் வரிவரியாகப் பிரிந்து நின்றன! 'ஹாப்டோகுளோபின்' என்ற புரதம் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது என்று 1955-ம் ஆண்டில் அவர் வெளியிட்டார். அவ்வேற்றுமை பெற்றோர் வழி வருவது என்பதும் அவ்வாண்டிலேயே தெரிந்தது.

இப்புரதத்தின் வேலை காவல் புரிவது. சிவப்பணுக்கள் சிதையும்போது வெளிப்படும் ஹீமோகுளோபினிலுள்ள இரும்பு, இரத்தக் குழாய்களுக்குத் தீங்கு செய்ய வல்லது. ஹாப்டோகுளோபின் அதைப் பிடித்து அப்புறப்படுத்த உதவுகிறது. இதற்குரிய மரபணுவில் 1, 2 என இரண்டு விதம் உண்டு. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றும் பெறுவதால், மக்கள் 1-1, 2-1, 2-2 என மூன்று வகையினர் ஆகின்றனர். 2-2 வகையினரின் காவற்காரன் சற்று மந்தமானவன். இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது அவனுடைய மந்தம் பேராபத்தாகி விடுகிறது.

அமெரிக்கப் பூர்வகுடிகளிடையே நடந்த ஓர் ஆராய்ச்சியைக் கொண்டு, ஹைபா நகரத்து ஆண்ட்ரூ லெவியும் அவர் தோழர்களும் 2002-ல் இதை எடுத்துக் காட்டினார்கள். நீரிழிவுள்ளோரில் 2-2 வகையினருக்கு, 1-1 வகையினரைவிட இருதய நோய் சுமார் ஐந்து மடங்கு அதிகம் என்று கண்டார்கள். பின் வந்த ஆராய்ச்சிகள் பலவற்றில் அபாயம் இவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

மருந்து விஷயத்திலும் இது ஒரு பாடம் கற்பித்தது. 2000-ம் ஆண்டில் வெளியான பரீட்சையில், வகை பாராமல் 9,000-க்கு மேற்பட்டோருக்கு வைட்டமின் 'ஈ' கொடுத்துப் பார்த்ததில் பயன் காணவில்லை. இஸ்ரேலில் 2-2 வகையைச் சேர்ந்த நீரிழிவு நோயாளிகள் 1,434 பேரை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் அவ்வைட்டமினை உண்டவர்களுக்கு மாரடைப்பு முதலிய விபத்துக்கள் மற்றவர்களைவிடப் பாதிக்கும் குறைவாக நேர்ந்தன என்று 2008-ல் வெளியாயிற்று. இதைப் படித்துவிட்டு யாரும் கடைக்கு ஓட வேண்டாம். ஒரு பரீட்சையைக் கொண்டு மருந்து முடிவாகாது. வைத்தியரைக் கேளாமல் உண்பது தகாது.

2013-ல் மற்றொரு மரபணு வேற்றுமை தெரிய வந்தது. அது நீரிழிவுள்ளோரின் இருதய நோய் அபாயத்தை நூற்றுக்கு 36 வீதம் உயர்த்துகிறது. நீரிழிவு இல்லாதோரை ஒன்றும் செய்வதில்லை. விதை இருந்தும் ஈரமில்லாத நிலத்தில் அது முளைப்பதில்லை!

இதிலேதான் நமக்குரிய செய்தி இருக்கிறது. ஐரோப்பியரைவிட நம் நாட்டாரிடையே 2-2 வகையினர் மிகுதி. நீரிழிவும் நம் இல்லங்களில் மலிந்து கிடக்கிறது. ஆகவே, "எங்கள் வம்சத்தில் யாருக்கும் மாரடைப்பு வந்ததில்லை" என்ற தைரியமும் வேண்டாம். "அப்பாவுக்கு வந்தது, எனக்கும் வந்தே தீரும்" என்ற சோர்வும் வேண்டாம். பெற்றோர் தந்த மரபணுவை மாற்ற நம்மால் ஆகாது. புகையிலையை விலக்குவதும், நாள்தோறும் நடப்பதும், சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் வைத்தியர் சொற்படி அடக்கி வைப்பதும் நம் கையில் இருக்கின்றன. காவற்காரன் மந்தமானவனாயின், வீட்டுக்காரர்தாம் விழித்திருக்க வேண்டும்.