ஊரறியக் குடித்தவர் ஊரறியாமல் மீளலாமா?

காஞ்சிபுரம் பக்கத்தில் தறி ஓடும் எங்கள் தென்னேரி மாதிரி ஊரில் குடியை மறைக்க முடியாது. யார் எத்தனை மணிக்குக் கடையிலிருந்து திரும்பினார், யார் வீட்டுத் திண்ணையில் படுத்தார், யார் தூக்கிக்கொண்டு போய் விட்டார்கள் என்பதெல்லாம் விடிவதற்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். அதே மனிதர் குடியை விட ஆஸ்பத்திரிக்குப் போகிறார் என்றால் மட்டும் வீட்டில் குரல் தாழ்ந்துவிடுகிறது. “பொண்ணு கல்யாணத்துக்கு நிக்குது, வெளிய சொல்லிடாதீங்க” என்கிறார்கள்.

இந்த வெட்கத்துக்குக் கொடுக்கும் விலை பெரிது. மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவதொரு சிகிச்சை பெறுகிறார். வெட்கத்தோடு வயிற்றுப்பாடும் சேர்ந்துகொள்கிறது. தறி நின்றால் கூலி நிற்கும். முன்பணம் வாங்கியிருப்பவர் பத்து நாள் படுக்கையில் இருக்க எப்படித் துணிவார்?

மாலை போட்டால் போதுமா?

நம் பக்கத்தில் குடியை நிறுத்தப் பலருக்கும் தெரிந்த வழி மாலை போடுவது. ஒரு மண்டலம் தொடாமல் இருப்பார். மாலையைக் கழற்றிய வாரமே பழைய இடத்துக்குப் போய்விடுவார். மன உறுதி இல்லாதவர் என்று ஊர் சொல்லும். நாள்பட்ட குடி உடம்பையும் மூளையையும் மாற்றிவிடும் நோய் என்பதை ஊர் கணக்கில் எடுப்பதில்லை.

காலையில் கை நடுங்குகிறது, ஒரு கட்டிங் போட்டால்தான் இழையைப் பிடிக்க முடிகிறது என்ற நிலைக்கு வந்தவர் ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து. முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதையொட்டி மனக்குழப்பமும் இல்லாததைப் பார்த்துப் பயப்படுவதும் வரலாம். கவனிக்காவிட்டால் உயிருக்கே கேடு. ஆகவே, முதல் படி மருத்துவர். ஆனால், மருந்து தருவது சில நாள் பாதுகாப்பு. அதன்பின் வரும் சம்பள நாளையும் மச்சான் கல்யாணத்தையும் தாண்ட மாத்திரை மட்டும் போதாது. குழு தேவைப்படுவது அங்கேதான்.

பெயர் கேட்காத கூட்டம்

1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பங்குத் தரகர் பில் வில்சனும் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித்தும் சந்தித்தார்கள். இருவரும் குடிநோயாளிகள். மருத்துவரும் மனைவியும் சொல்லிக் கேட்காத மனம், தன்னைப் போலவே விழுந்து எழுந்த ஒருவர் பேசினால் கேட்கிறது என்று கண்டுகொண்டார்கள். அதுவே ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’. ஏ.ஏ. என்றால் பலருக்கும் தெரியும். இந்தியாவுக்கு அது 1957-ல் வந்தது.

உள்ளே நடப்பது எளிமையானது. வருகைப் பதிவேடு இல்லை, கட்டணமும் இல்லை. வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை. விருப்பப்பட்ட உறுப்பினர்கள் போடும் காசில் டீயும் வாடகையும் நடக்கும். சேரத் தேவையான ஒரே தகுதி, குடியை விட வேண்டும் என்ற ஆசை. ஒருவர் தன் கதையைச் சொல்வார். மற்றவர்கள் குறுக்கே பேச மாட்டார்கள். ஆயுசுக்கும் சத்தியம் யாரும் கேட்பதில்லை. இன்றைக்கு மட்டும் குடிக்காமல் இருப்பதே இலக்கு. மறுபடி குடித்துவிட்டு வந்தாலும் நாற்காலி உண்டு. குடிப்பவரின் குடும்பத்தாருக்காக 1951-ல் அல்-அனான் தனியாகத் தோன்றியது.

இது வெறும் ஆறுதல் பேச்சு அல்ல. 10,565 பேர் பங்கேற்ற 27 ஆய்வுகளை அலசிய 2020-ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வு, தொடர்ந்து குடிக்காமலிருக்க உதவுவதில் ஏ.ஏ. பக்கம் ஆட்களை முறையாக ஆற்றுப்படுத்தும் சிகிச்சை மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட மேலாக இருந்ததாகக் கண்டது.

ஊரே கூடிய முகாம்

பெயரை மறைக்காமலும் ஒரு வழி தமிழ்நாட்டில் நடந்திருக்கிறது. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். நகர மருத்துவமனைக்கு வர முடியாத கிராமத்தாருக்காக அந்த அமைப்பு 1989-ல் திருவாரூர் பக்கம் மஞ்சக்குடியில் முகாம் போட்டது. 15 நாள் சிகிச்சை ஊருக்குள்ளேயே நடந்தது; மனைவிமாருக்கும் ஆலோசனை உண்டு. ஊரறியச் சேர்ந்ததால் மீண்டவரை ஊரே கண்காணித்தது, ஊரே தாங்கியது.

தென்னேரிக்கு எது பொருந்தும்? இரண்டும்தான். தொடக்க மாதங்களில், முகம் தெரியாத காஞ்சிபுரத்துக்கோ சென்னைக்கோ பஸ் ஏறிப் போய்க் கூட்டத்தில் உட்காருவது நல்லது. வேரூன்றிய பிறகு மறைக்க அவசியமில்லை. ஏ.ஏ. மரபு பெயர் மறைக்கச் சொல்வது பத்திரிகை, வானொலி, திரைப்படம் போன்ற பொதுவெளியில்தான். பக்கத்து வீட்டுக்காரரிடம் தன் கதையைச் சொல்ல ஒருவருக்குத் தடை இல்லை. அடுத்தவர் பெயரைச் சொல்லத்தான் கூடாது. இரண்டு வருடம் குடிக்காமல் தறியில் உட்கார்ந்திருக்கும் ஒருவர், “நான் அங்கதான் போனேன், நீயும் வா தம்பி” என்றால், எந்தச் சுவரொட்டியும் செய்யாத வேலையை அது செய்யும்.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணையோ, மனநல ஆலோசனைக்கான 14416-ஐயோ அழைக்கலாம். ஊர் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. விட்டவரைப் பார்த்துக் கல்யாண வீட்டில், “இன்னைக்கு ஒரு நாள்தானேண்ணே” என்று யாரும் டம்ளரை நீட்டக் கூடாது. அவர் எண்ணிக்கொண்டிருப்பதும் அந்த ஒரு நாளைத்தான்.