முட்டைக்கு மார்க் போடலாமா?



பரீட்சையில் முட்டை வாங்கினால் வீட்டில் திட்டு விழும். இன்று நாம் முட்டைக்கே மார்க் போடப் போகிறோம்!

நம் காரைக்கால் 1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போனது. இடையில் சில காலம் ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்தாலும், 1954 நவம்பர் 1 வரை இங்கே பிரெஞ்சு ஆட்சிதான். அவர்கள் நாட்டில் ‘மிமோசா முட்டை’ என்று ஒரு பண்டம் உண்டு. வேகவைத்த முட்டையை இரண்டாக வெட்டி, மஞ்சள் கருவை எடுத்து மயோனைஸ் சேர்த்துப் பிசைந்து, மறுபடி வெள்ளைக் குழியில் நிரப்புவார்கள். மேலே கொஞ்சம் மஞ்சள் கருவை உதிர்த்துத் தூவுவார்கள். பார்க்க மிமோசாப் பூ மாதிரி இருக்கும். நம் ஊர்க் கருவேல மரத்தில் மஞ்சள் பஞ்சு உருண்டையாகப் பூக்குமே, அதற்குச் சொந்தக்காரப் பூ அது!

இதையே கடுகு, மிளகாய்த்தூள் சேர்த்துக் காரமாகச் செய்தால் ‘டெவில்டு எக்’. டெவில் என்றால் பேய். பயப்படாதீர்கள்! காரமான பண்டத்தை அப்படிச் சொல்வது 18-ம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் வந்த வழக்கம்.

சரி, நம் ஊர் ருசியில் செய்வோமா?

தேவையான பொருட்கள்:

முட்டை 6, துணியில் வடிகட்டிய கெட்டித் தயிர் 3 டேபிள் ஸ்பூன், பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் 4, கொத்தமல்லி, எலுமிச்சைச் சாறு, உப்பு. ருசிக்கு மிளகுத்தூள், இட்லிப் பொடி, வறுத்துப் பொடித்த சென்னாக்கூனி.

(மயோனைஸில் பச்சை முட்டை சேர்ப்பது உண்டு. அதனால்தான் நமக்குத் தயிர்.)

செய்முறை:

முதலில் முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். படுத்துக்கொண்டால் புதுசு, நிமிர்ந்து நின்றால் பழசு, மிதந்தால் வேண்டாம். ரொம்பப் புது முட்டையில் ஓடு சரியாக உரியாது. நாலைந்து நாள் ஆனது நல்லது.

பெரியவர்களை அடுப்புப் பற்ற வைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் கொதித்தபின் 10 நிமிடம் போதும். உடனே குளிர்ந்த நீரில் போடுங்கள். அதிகம் வெந்தால் வெள்ளைக்கருவில் உள்ள கந்தகமும் மஞ்சள் கருவில் உள்ள இரும்பும் சேர்ந்து பச்சை வளையம் வரும். சாப்பிட்டால் கெடுதல் இல்லை. ஆனால், கந்தக வாடை வரும்.

மஞ்சள் கருவை எடுத்து, தயிர், வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சைச் சாறு, உப்பு சேர்த்துப் பிசைந்து மூன்று பங்காக்குங்கள். ஆளுக்கு ஒரு பங்கு. ஒருவர் மிளகு, ஒருவர் இட்லிப் பொடி, ஒருவர் கூனிப் பொடி கலக்கட்டும். 6 முட்டைக்கு 12 பாதிகள். ஒரு தட்டுக்கு நான்கு. நடுவர்களும் நான்கு பேர். யாருக்காவது இறால், கூனி ஒத்துக்கொள்ளாது என்றால் அந்தப் பொடியே வேண்டாம், முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

மார்க் போடும் முறை:

ருசிக்கு 5, வெந்த பக்குவத்துக்கு 3, அழகுக்கு 2. மொத்தம் 10. செய்தவர் பெயரைத் தட்டின் அடியில் ஒட்டுங்கள். மேலே எண் மட்டும். ஒன்றைத் தின்றதும் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். எல்லாரும் எழுதி முடிக்கும் வரை நடுவர்கள் வாய் திறக்கக் கூடாது. ஒருவர் ‘ஆகா!’ என்றால் மற்றவர் மார்க்கும் மாறிவிடும்.

அழகுக்கு ஏன் 2 மார்க் மட்டும்? கேளுங்கள்.

பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த பள்ளியில் சமையல் போட்டி. நான்தான் நடுவர். ஒரு தட்டில் முட்டையில் செய்த முயல், கேரட் காது, வெள்ளரிப் புல்! மயங்கிப்போய் முதல் பரிசு எழுதிவிட்டேன். எல்லாம் முடிந்ததும் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி மெல்ல வந்தாள். ‘‘என்னோடதைச் சாப்பிட்டுப் பார்த்தீங்களா டீச்சர்?’’

ஓரத்தில் அவள் தட்டு. அலங்காரமே இல்லை. நான்கு பாதி முட்டை வைத்திருந்தாள்; நான்கும் அப்படியே இருந்தன.

ஒன்றை எடுத்துச் சாப்பிட்டேன். மிளகும் எலுமிச்சையும் அத்தனை பொருத்தம்! அன்று நான் ருசித்ததில் அதுதான் முதல். ஆனால், பரிசு கொடுத்தாகிவிட்டது. மறுநாள் காலை வழிபாட்டில் எல்லார் முன்னாலும் என் தவறைச் சொன்னேன். அவள் சிரித்தாள். ஆனாலும், அதன்பிறகு எந்தப் போட்டிக்கும் அவள் பெயர் கொடுக்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், செல்லங்களே! ஒருவர் உழைத்துச் செய்ததைத் தின்று பார்க்காமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள். நன்றாக இல்லை என்றாலும், ‘‘உப்பு கொஞ்சம் கூட, பக்குவம் அருமை’’ என்று காரணத்தோடு சொல்லுங்கள். அடுத்த முறை அவர்கள் இன்னும் நன்றாகச் செய்வார்கள்.

அன்றைக்கு எனக்கு நானே போட்டுக்கொண்ட மார்க் என்ன தெரியுமா? முட்டைதான்!