தோலின் கதை – 9
பருவுக்கு முந்தைய எட்டு வாரம்

"ஒரு நாளைக்கு ஏழு தடவை மூஞ்சி கழுவுறா டாக்டர். அப்பவும் வந்துக்கிட்டேதான் இருக்கு."

பிளஸ் ஒன் படிக்கும் மகளை அழைத்து வந்திருந்த அம்மா சொன்னார். மகள் தலை நிமிரவில்லை. துப்பட்டா ஓரத்தை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். சோப்பு போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கன்னம் இரண்டும் வறண்டு செதில் விட்டிருந்தன. வறட்சிக்கு நடுவே சிவந்த பருக்கள். நெற்றியில், முடி தொடங்கும் விளிம்பில், அரிசிக் குருணையை ஒட்டவைத்தது போல வெள்ளை வெள்ளையாகச் சின்ன மேடுகள்.

"அழுக்கு சேர்றதாலதானே டாக்டர்?"

"இல்லம்மா" என்றேன். அப்போதுதான் அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். சுத்தமில்லாதவள் என்ற பேச்சை எத்தனை பேரிடம் கேட்டிருப்பாளோ.

உள்ளங்கையில்தான் நாள் முழுக்க அழுக்கு படுகிறது. அங்கே யாருக்காவது பரு வந்து பார்த்திருக்கிறீர்களா? வராது. உள்ளங்கையில் மயிர்க்கால் கிடையாது, எண்ணெய்ச் சுரப்பியும் கிடையாது. பரு பிறக்கும் இடம் இவை இரண்டும் சேர்ந்த குழி. முகம், மார்பு, முதுகு ஆகிய இடங்களில் இந்தச் சுரப்பிகள் பெரிதாகவும் நெருக்கமாகவும் இருக்கின்றன. அதனால் பருவும் அங்கேயே வருகிறது.

குழந்தைப் பருவத்தில் இந்தச் சுரப்பிகள் உறங்கிக் கிடக்கும். வயதுக்கு வரும் காலத்தில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் அவற்றை எழுப்பிவிடும். பெயர்தான் ஆண் ஹார்மோன்; பெண்ணின் உடலிலும் அவை அளவாகச் சுரக்கின்றன. இதற்கு நல்ல சான்று 1941-இல் வந்தது. ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க உடற்கூறியல் அறிஞர், பருவமடையும் முன்பே விதைகளை இழந்த ஆண்களுக்குப் பரு வருவதில்லை என்று கண்டார். அப்படிப்பட்டவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது சிலருக்குப் பரு வந்தது. ஹார்மோன்தான் தொடக்கப்புள்ளி என்பது அதில் தெளிவானது. ஒரே அளவு ஹார்மோன் இருந்தும் ஒருவருக்கு வருவதும் இன்னொருவருக்கு வராததும் பெரும்பாலும் பரம்பரை. அப்பா, அம்மா முகத்தில் பழைய தழும்பு இருக்கிறதா என்று நான் பார்ப்பது இதற்காகத்தான்.

குழியின் சுவரிலிருந்து செத்த செல்கள் ஓயாமல் உதிர்கின்றன. வழக்கமாக அவை எண்ணெயோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். பரு வரப்போகும் குழியில் அவை உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வாயை அடைக்கும். பின்னால் எண்ணெய் தேங்கும். இந்த முதல் அடைப்பு கண்ணுக்குத் தெரியாது, கையில் தட்டுப்படாது, வலிக்காது. அது வெளியே தெரியும் பருவாக வளர ஏறக்குறைய எட்டு வாரம் ஆகலாம். இன்று காலை கண்ணாடியில் கண்ட பருவுக்கு நேற்று சாப்பிட்ட பஜ்ஜி மேல் பழி போடுகிறோம். அதன் தொடக்கமோ இரண்டு மாதத்துக்கு முன்னால் இருக்கிறது.

அடைபட்ட குழியின் வாய் மூடியிருந்தால் வெண்புள்ளி, திறந்திருந்தால் கரும்புள்ளி. அந்தக் கறுப்பும் அழுக்கு இல்லை. தோலின் நிறமியான மெலனினும், காற்றுப்பட்டு மாறிய எண்ணெயும் தரும் நிறம் அது. எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

காற்று புகாத அந்தக் குழிக்குள் ஒரு பாக்டீரியா செழித்து வளர்கிறது. பெயர் கியூட்டிபாக்டீரியம் ஆக்னேஸ். 2016 வரை வேறு பெயரில் இருந்தது. அது நம் எல்லோர் தோலிலும் வாழும் பழைய குடித்தனக்காரர். தேங்கிய எண்ணெய் கிடைத்ததும் பெருகுகிறது. உடலின் எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொண்டு படை அனுப்புகிறது. சிவப்பு, வீக்கம், சீழ், வலி எல்லாம் அந்தச் சண்டையின் அடையாளங்கள். இந்த நேரத்தில் கிள்ளினால் குழியின் சுவர் உள்பக்கமாக உடைந்து, சீழ் ஆழத்தில் பரவும். பள்ளத் தழும்பு அப்படித்தான் உண்டாகிறது. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் பரு ஆறிய பிறகும் கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கும்.

அந்தப் பெண்ணின் நெற்றிக் குருணைகளுக்குக் காரணம் வேறு. தினமும் பள்ளிக்குப் போகும்போது படிய வாரப் பூசும் எண்ணெய் நெற்றிக்கு வழிந்து மயிர்க்கால்களை அடைத்திருந்தது. இரவில் எண்ணெய் வைத்துக் காலையில் தலைக்குக் குளிக்கச் சொன்னேன்.

உணவைப் பற்றி ஒரு வார்த்தை. பப்புவா நியூ கினியின் கிட்டாவா தீவில் 1,200 பேரைப் பரிசோதித்தும் ஒருவருக்குக்கூடப் பரு இல்லை என்று 2002-இல் ஓர் ஆய்வு வெளியானது. கிழங்கு, பழம், மீன், தேங்காய் ஆகியவை அவர்கள் சாப்பாடு. சர்க்கரையும் மைதாவும் அங்கே அரிது. இதை வைத்து உணவே காரணம் என்று சொல்லிவிட முடியாது. இருந்தாலும் இரத்தச் சர்க்கரையைச் சட்டென ஏற்றும் உணவைக் குறைத்தால் சிலருக்குப் பரு குறைகிறது. ஆகவே இனிப்புப் பானங்களை விடச் சொல்கிறேன், மாம்பழத்தைத் தடுப்பதில்லை.

கிளம்பும் நேரத்தில் அம்மா கைப்பையிலிருந்து ஒரு டியூபை எடுத்தார். அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டிப் பிதுக்கியதில் பாதியாகியிருந்தது. "மெடிக்கல்ல கேட்டு வாங்கினோம். பத்தே நாள்ல பளிச்சுனு ஆச்சு. நிறுத்தினா மறுபடி வந்துருது."

எனக்கு நெஞ்சு பதறியது. அதில் இருந்தது ஸ்டீராய்டு. அது வீக்கத்தை அடக்கும். அதனால் முதல் சில நாள் முகம் தெளியும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து இரத்த நாளங்கள் தெரியும், பூனை முடி வளரும், ஒரே அளவில் புதுப் பருக்கள் கிளம்பும். நிறுத்தினால் எரிச்சல் தாங்காது. அதனால் மீண்டும் அதையே பூசுவார்கள்.

சரியான மருந்துக்கும் பொறுமை வேண்டும். அடபலீன் அந்தக் கண்ணுக்குத் தெரியாத முதல் அடைப்பிலேயே வேலை செய்வது; பென்சாயில் பெராக்சைடு முக்கியமாக பாக்டீரியாவைக் குறைப்பது. பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். இரண்டு வாரத்தில் கைவிடுபவர்கள்தான் அதிகம்.

இதைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டில் பிள்ளைகள் பூசும் டியூபைத் திருப்பிப் பாருங்கள். குளோபிட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று எதுவாவது அச்சிடப்பட்டிருந்தால், டியூபோடும் பிள்ளையோடும் இந்த வாரமே ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள்.

(தொடரும்)