பெயரை அழித்துவிட்டால் ஆள் மறைந்துவிடுவாரா?

சிதம்பரத்தில் கோபுரம் எத்தனை என்று கேட்டால் பள்ளிக்கூடத்துப் பையன்கூட நான்கு என்று சொல்லிவிடுவான். அது பழைய கணக்கு. மாடி வீடுகளின் தலைமேல் இரும்புச் சட்டமாக நிற்கும் செல்போன் கோபுரங்களையும் சேர்த்துக்கொண்டால் கணக்கு எங்கேயோ போய்விடும். கல் கோபுரங்களை நாம் அண்ணாந்து பார்க்கிறோம். இரும்புக் கோபுரங்களோ நம்மைக் கவனித்துக்கொண்டிருக்கின்றன.

உடனே பயந்துவிட வேண்டாம். அவற்றுக்குக் கண்ணும் கிடையாது, காதும் கிடையாது. நாம் பேசினாலும் பேசாவிட்டாலும், சட்டைப்பையிலிருக்கும் செல்போன் பக்கத்திலுள்ள கோபுரத்துக்குத் தன் இருப்பைத் தெரிவித்துக்கொண்டே இருக்கிறது. அப்படித் தெரிவித்தால்தான் யாராவது கூப்பிடும்போது மணி அடிக்க முடியும். கடலூரில் பஸ் ஏறி ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி. முட்லூர் வழியாகச் சிதம்பரம் போய் இறங்குகிறீர்கள். வழியில் நீங்கள் தூங்கிப் போனாலும் உங்கள் போன் தூங்குவதில்லை. ஒரு கோபுரத்திடம் விடைபெற்று அடுத்ததனிடம் போய்ச் சேர்ந்தபடி வருகிறது. எந்தக் கோபுரம், எத்தனை மணி என்ற விவரம் கம்பெனியின் கம்ப்யூட்டரில் ஏறிவிடுகிறது.

இந்த விவரத்தால் ஊருக்கு நன்மை உண்டா என்றால், நிச்சயமாக உண்டு. மார்கழி ஆருத்ரா தரிசனத்துக்குச் சிதம்பரத்தில் கூடும் கூட்டம் எந்தத் திசையிலிருந்து வருகிறது, எத்தனை மணிக்குக் கலைகிறது என்று தெரிந்தால், தனி பஸ்களை எங்கே நிறுத்துவது, தண்ணீர்த் தொட்டியை எங்கே வைப்பது என்று முன்கூட்டியே திட்டமிடலாம். 2015 ஏப்ரலில் நேபாளத்தில் பூகம்பம் வந்தபோது, ஃப்ளோமைண்டர் என்ற லாப நோக்கமில்லாத ஸ்தாபனம், என்செல் கம்பெனியின் 1 கோடியே 20 லட்சம் போன்களின் நடமாட்டத்தை, பெயர் நீக்கிய விவரமாக வாங்கி ஆராய்ந்தது. காத்மாண்டுப் பள்ளத்தாக்கிலிருந்து ஜனங்கள் எந்த ஜில்லாக்களுக்குப் போய்விட்டார்கள் என்று மதிப்பிட்டு நிவாரணக்காரர்களுக்குச் சொன்னது. 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம் என்று அடுத்தடுத்து அடிபட்ட கடலூர் ஜில்லாவுக்கு இப்படி ஒரு கணக்கு வேண்டாம் என்று எவரும் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் கடலூருக்குக் கோபுரக் கணக்கில் இன்னோர் அனுபவமும் உண்டு. 2020-ஆம் வருஷம் கொரோனாக் காலத்தில், சென்னை கோயம்பேடு மார்க்கெட்டில் மூட்டை தூக்கிப் பிழைத்த நம் ஜில்லாத் தொழிலாளிகள் கிடைத்த லாரியில் தொற்றிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். மே 4-ந் தேதி தமிழ்நாடு முழுவதிலும் 527 பேருக்கு நோய் என்று கணக்கு வந்தது. அதில் 122 பேர் கடலூர் ஜில்லாக்காரர்கள். மறுநாள் கோயம்பேடு மார்க்கெட் மூடப்பட்டது. அங்கே போய் வந்தவர்களைக் கண்டுபிடிக்க, மார்க்கெட்டைச் சுற்றியுள்ள கோபுரங்களில் பதிவான செல்போன் எண்களையும் அதிகாரிகள் துணைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. உயிர் போகும் சமயம் அது. எனினும் ஒன்றைக் கவனியுங்கள். கோபுரத்துக்கு நோயாளியும் தெரியாது, வியாபாரியும் தெரியாது. மார்க்கெட்டுக்குள் போனவரும், வெளியே தெருவில் டீ குடித்துவிட்டுப் போனவரும் அதற்கு ஒன்றே. அதே ஆண்டு மார்ச்சில் கர்நாடக சர்க்கார், வீட்டிலேயே ஒதுங்கியிருக்கும்படி சொல்லப்பட்டவர்களின் விலாசங்களை ஊரறிய வெளியிட்டது. விலாசம் வெளியே வந்தபின் அண்டை வீட்டார் எப்படிப் பார்ப்பார்கள் என்று விவரிக்க வேண்டியதில்லை.

“அது விலாசத்தோடு கூடிய பட்டியல்; நாங்கள் கேட்பது பெயரும் எண்ணும் நீக்கிய விவரம்தானே?” என்று அதிகாரிகள் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். பதில்தான் சங்கடமாக இருக்கிறது.

ஐரோப்பாவில் ஒரு சிறு நாட்டில் 15 லட்சம் பேரின் செல்போன் நடமாட்டத்தை, 15 மாத காலத்துக்கு, பெயர் நீக்கிய நிலையில் சில விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். முடிவு 2013-இல் வெளியாயிற்று. ஒருவர் இன்ன நேரத்தில் இன்ன இடத்தில் இருந்தார் என்ற குறிப்பு நான்கே நான்கு கிடைத்தால் போதும். 100-க்கு 95 பேரை அந்தக் கூட்டத்திலிருந்து தனியாகப் பிரித்துவிடலாம் என்று கண்டார்கள்.

இதை நம் ஊருக்குப் பொருத்திப் பார்ப்போம். பெயரில்லாத ஒரு போன். இரவில் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறது. விடியற்காலையில் துறைமுகத்துக்குப் போகிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கடலூர் கோர்ட்டுப் பக்கம் வருகிறது. மாதம் ஒரு நாள் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் காலையிலிருந்து மாலைவரை காத்திருக்கிறது. இதற்கு மேல் பெயர் எதற்கு? அந்தத் தெருவில் இருப்பவர்களுக்கு ஆள் யாரென்று அரை நிமிஷத்தில் விளங்கிவிடும். அவர்களுக்கு அதுவரை தெரியாதிருந்த ஆஸ்பத்திரி விஷயமும் கூடவே தெரிந்துவிடும். கடன் கொடுத்தவர், பெண்ணுக்கு வரன் பார்க்கிறவர், தேர்தலில் எதிர்த்து நிற்கிறவர் என்று இதை அறிய ஆசைப்படுகிறவர்களுக்கு நாட்டில் பஞ்சமில்லை.

சென்னை போன்ற பட்டணத்தில் கூட்டமே ஒரு திரை. ஒரு கோபுரத்தின் கீழ் ஆயிரக்கணக்கான பேர் இருப்பார்கள். பிச்சாவரம் பக்கத்திலோ கிள்ளைக் கரையிலோ நள்ளிரவு தாண்டி மூன்று மணிக்கு எத்தனை போன் நகரும்? கடலுக்குப் புறப்படுகிற சில பேருடையது. பிரசவ வலி கண்ட பெண்ணை ஏற்றிப் போகும் ஒரு வண்டியினுடையது. ஊர் சிறிதாகச் சிறிதாகத் திரையும் மெலிந்துகொண்டே போகிறது. பெரிய நகரத்துக்கென்று செய்த ஏற்பாட்டை அப்படியே இங்கே கொண்டுவந்து வைப்பதில் உள்ள ஆபத்து இதுதான். தனித்தனிப் போனின் வழித்தடத்தைக் கேட்காமல், மணிக்கு இத்தனை பேர் என்ற கூட்டல் தொகையை மட்டும் வாங்குவதும், தொகை மிகச் சிறியதாக இருந்தால் அதையும் வெளியிடாமல் விடுவதும் சற்றுப் பத்திரமான வழி. பஸ் நிறுத்தம் அமைக்க அந்தக் கூட்டல் தொகை தாராளமாகப் போதும்.

சட்டம் என்ன சொல்லுகிறது? 2017 ஆகஸ்ட் 24-ந் தேதி, புட்டசாமி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். சர்க்கார் அதில் கை வைப்பதானால் சட்டத்தின் ஆதாரம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், தேவைக்கு மிஞ்சாத அளவும் வேண்டும். பிறகு 2023-இல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தந்தன. ஆனால் அந்தச் சட்டம் காப்பது ஆளை அடையாளம் காட்டக்கூடிய தகவலை. பெயர் நீக்கிய விவரம் அதில் அடங்காது என்று கம்பெனிக்காரர் வாதிடுவார். ஆளைக் கண்டுபிடிக்க முடிந்தால் அது எப்படி அடங்காமல் போகும் என்று நாம் கேட்க வேண்டியதுதான். சர்க்கார் இலாகாக்களுக்கு விலக்குக் கொடுக்கவும் அதே சட்டத்தில் இடம் வைத்திருக்கிறார்கள். அந்தப் பிரிவு எனக்குப் பிடிக்கவில்லை.

அமெரிக்காவில் போர்ட்லண்டு நகரத்தார் இந்த வழியில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பியவர்கள். கூகிள் குடும்பத்தில் பிறந்த ரெப்ளிகா என்ற கம்பெனி, செல்போன் விவரத்தை அடிப்படையாகக் கொண்டு நகர மக்களின் போக்குவரத்தைக் கணித்துத் தருவதாக ஒப்பந்தம் செய்தது. அந்தரங்கம் பற்றியும், கணக்கு எவ்வளவு சரி என்பது பற்றியும் தகராறு வந்தது. 2021-இல் ஏற்பாடு முறிந்தது.

செல்போனைக் கொண்டு ஊரைக் காப்பதற்கு, யாரையும் பின்தொடராத வழியும் இருக்கிறது. முன்பெல்லாம் வெள்ளம் வந்தால் தண்டோரா போடுவார்கள். ஒரே சாதியின் தோளில் சுமத்திய வேலையாக அது இருந்ததால், 2022-இல் தமிழக சர்க்கார் அதை நிறுத்தச் சொன்னது நல்ல காரியம். மறு வருஷம், நாட்டின் பல மாநிலங்களில் ஒரே சமயத்தில் செல்போன்கள் அலறியது நினைவிருக்கும். அது பேரிடர் எச்சரிக்கைக்கான சோதனை. கோபுரம் தன் எல்லைக்குள்ளிருக்கும் போன்களுக்கெல்லாம் பொதுவாகச் செய்தியை ஒலிபரப்பிவிடுகிறது. எவருடைய எண்ணும் அதற்குத் தேவையில்லை. கடலோரத்துக் கிராமங்களுக்கு முதலில் வேண்டியது இந்த ஏற்பாடுதான் என்பது என் அபிப்பிராயம்.

கூட்டக் கணக்கும் வேண்டுமென்று கடலூர் மாநகராட்சியோ சிதம்பரம் நகராட்சியோ நாளை முடிவு செய்தால், வீட்டுவரி கட்டுகிறவர்கள் கேட்பதற்கு ஓர் இடம் இருக்கிறது. 2022 முதல் நகர வார்டுகளில் பகுதி சபை என்ற ஏற்பாடு வந்திருக்கிறது. சாக்கடை, தெருவிளக்குப் புகார்களோடு இதையும் அங்கே வைக்கலாம்: விவரம் எந்தக் கம்பெனியிடமிருந்து வருகிறது, எத்தனை நாள் வைத்திருப்பீர்கள், போலீஸ் கேட்டால் கொடுப்பீர்களா, வேலை முடிந்தபின் அழித்ததை யார் வந்து பார்ப்பார்கள்? பதிலை வாய்ச்சொல்லாக வாங்காமல், நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதச் சொல்லி வாங்க வேண்டும்.