சீம்பால் ஏன் இத்தனை கொஞ்சம்?

“பாலே ஊறலை, பிள்ளை அழுவுது, பவுடர் டப்பா வாங்கிட்டு வா.” பிரசவ வார்டில் இரண்டாம் நாள் ஏதாவதொரு பாட்டி இதைச் சொல்லிவிடுவார்.

ஊறாமல் இல்லை. நஞ்சுக்கொடி வெளியேறியதும் தாயின் உடலில் புரோஜெஸ்டிரோன் சரசரவென்று இறங்கும். அதன்பிறகே பால் முழுவேகத்தில் சுரக்கும். அதற்கு இரண்டு, மூன்று நாள் பிடிக்கும். அதுவரை வருவது சீம்பால். பிசுபிசுப்பாக, மஞ்சளாக, முதல் நாளில் ஒரு வேளைக்குச் சில மில்லிதான். குட்டி வயிற்றுக்கு அது போதும். மஞ்சளுக்குக் காரணம், கேரட்டில் உள்ள அதே பீட்டா கரோட்டின். கெட்ட பால் என்று இதைப் பீய்ச்சிக் கொட்டியவர்கள் உண்டு. கொட்டியது எதைத் தெரியுமா? ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதத்தை. கிருமிகள் குடற்சுவரில் ஒட்டாமல் தடுப்பது அதுதான். தார் போன்ற முதல் மலத்தை இளக்கி வெளியேற்றுவதும் சீம்பாலே.

தேவையில்லாமல் புட்டிப்பால் கொடுத்தால் குழந்தை சப்புவது குறையும். சப்பச் சப்பத்தான் புரோலாக்டின் ஏறும், பால் பெருகும். எடை அதிகம் குறைந்தாலோ சிறுநீர் சரியாகப் போகாவிட்டாலோ மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

நாக்கில் தேன் தொட்டுச் சேனை வைப்பதா? வேண்டவே வேண்டாம். தேனில் பொட்டுலிசம் கிருமியின் வித்துகள் இருக்கலாம். ஒரு வயதுவரை குடல் அவற்றைத் தாங்காது.