பைக்குக்கு அடியில் ஆயில் சொட்டுதா? கியர் ஷாஃப்ட் சீலை வீட்டிலேயே மாத்தலாம்!

ராத்திரி நிறுத்திய பைக்கை காலையில் நகர்த்தினால், தரையில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு கறுப்புத் துளி. துடைச்சுட்டுக் கிளம்பிடுறோம். மறுநாளும் அதே இடத்தில் அதே துளி. 'கொஞ்சம்தானே' என்று விடலாமா?

கூடாது. 100 முதல் 125 சிசி பைக்குகளில் சுமார் 1 லிட்டர் ஆயில்தான் இருக்கும். இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் அதே ஆயில். பல மாடல்களில் ஆயில் குறைந்தால் எச்சரிக்கும் விளக்கும் கிடையாது. இன்ஜின் சீஸ் ஆகும்போதுதான் விஷயமே தெரியும். அப்போ செலவு ஆயிரங்களில். ஆயில் சீலின் விலையோ பெரும்பாலும் 100 ரூபாயைத் தாண்டாது.

எங்கிருந்து லீக் ஆகுது?

சைடு ஸ்டாண்டில் பைக் இடது பக்கம் சாய்ந்து நிற்கும். அதனால் இடது பக்க சீல் பழுதானால் ராத்திரியெல்லாம் சொட்டும். முதல் சந்தேகம், கியர் லீவர் மாட்டியிருக்கும் ஷாஃப்ட்டின் சீல். ரப்பர் சூட்டில் இறுகி, ஷாஃப்ட்டைப் பிடிக்கும் பிடியை இழந்திருக்கும்.

உறுதி செய்ய ஒரு ஈஸி டெஸ்ட். இன்ஜின் ஆறியதும் அந்த இடத்தை டீசலால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, டால்கம் பவுடர் தூவுங்கள். 10 நிமிடம் ஸ்டார்ட்டில் விட்டால், பவுடர் முதலில் நனையும் இடம்தான் குற்றவாளி. லீக் ஆவது இன்ஜின் மூடிகளின் இணைப்பு என்றால் அது கேஸ்கெட் பிரச்சினை. சில மாடல்களில் கியர் ஷாஃப்ட் சீலை வெளியிலிருந்து எடுக்க முடியாது. இந்த இரண்டுக்கும் மெக்கானிக்தான் சரி. வாரன்டி இருந்தால் சர்வீஸ் சென்டருக்கே போயிடுங்க.

மாத்துவது எப்படி?

1. பைக்கை மெயின் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஆயில் மாற்ற வேண்டிய நேரத்தில் செய்தால் நல்லது. பழைய ஆயிலை வடித்துவிட்டே வேலையைத் தொடங்கலாம்.

2. கியர் லீவர் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மார்க்கரால் குறித்துவிட்டு, போல்ட்டை முழுசா கழற்றி லீவரை உருவுங்கள். சீலை மறைத்திருந்தால் செயின் ஸ்ப்ராக்கெட் கவரையும் கழற்றுங்கள்.

3. சுற்றியுள்ள மண்ணை சுத்தமாகத் துடையுங்கள். சீலின் விளிம்பில் சின்ன ஸ்க்ரூ ஒன்றை மெதுவாகத் திருகி, பிளையரால் இழுத்தால் வந்துவிடும். ஷாஃப்ட்டில் கீறல் விழக்கூடாது.

4. பழைய சீலில் மூன்று எண்கள் இருக்கும்: உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன், எல்லாம் மில்லிமீட்டரில். உங்க மாடலைச் சொல்லி வாங்கிய சீலிலும் அதே எண்கள் இருக்கிறதா என்று பாருங்கள்.

5. ஷாஃப்ட் முனையில் உள்ள பற்கள் புது சீலின் உதட்டைக் கிழித்துவிடும். அதனால் பற்களின் மேல் செலோ டேப் சுற்றுங்கள். சீலின் உள்பக்கம் ஆயில் தடவி, ஸ்பிரிங் தெரியும் பக்கம் இன்ஜினைப் பார்த்திருக்கும்படி நுழையுங்கள்.

6. சீலின் வெளிவிட்டத்துக்குப் பொருந்தும் சாக்கெட்டை வைத்து, கோணாமல் மெதுவாகத் தட்டுங்கள். பழைய சீல் இருந்த ஆழம் வந்ததும் நிறுத்திடுங்க. டேப்பை உருவிவிட்டு, குறித்த கோணத்தில் லீவரை மாட்டுங்கள்.

பிறகு மேனுவலில் சொன்ன கிரேடு ஆயிலை, சொன்ன அளவுக்கு ஊற்றுங்கள். அவ்ளோதான்!

மாத்தியும் லீக் ஆனால்?

மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஷாஃப்ட்டை நகத்தால் தடவினால் பள்ளம் தட்டுப்படுகிறதா? பைக் விழுந்ததில் ஷாஃப்ட் வளைந்திருக்கிறதா? இரண்டில் எது இருந்தாலும் புது சீல் நிற்காது, ஷாஃப்ட்டையே மாற்ற வேண்டும்.

மூன்றாவது, பலரும் கவனிக்காதது: இன்ஜினின் பிரீதர் ட்யூப். இது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் கூடி, ஆயிலை சீல் வழியாக வெளியே தள்ளும். ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றினாலும் இதே கதைதான். காரணத்தைச் சரிசெய்யாமல் எத்தனை சீல் மாற்றினாலும் லீக் நிற்காது.

வேலை முடிந்ததும் ராத்திரி பைக்குக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வையுங்கள். மூன்று நாள் காலையிலும் அட்டை சுத்தமாக இருந்தால், வேலை சரியாக முடிந்தது என்று அர்த்தம்.